மருமகனுக்குப் போகவில்லை

வென்ட்வேர்த்வில்லில் யோகாவைத் தெரியாத தமிழர் குறைவு. அவளுடைய கேள்விக்கு ஒருதரமாவது முகம் சிவக்காதவர்கள் அதிலும் குறைவு. கோயிலிலோ கடையிலோ கலியாண மண்டபத்திலோ ஆளைக் கண்டால் ஊர்ப் புதினம், வானிலை என்று அவள் சுற்றி வளைப்பதில்லை. நேரே வயிற்றுக்கு வந்துவிடுவாள்.

"என்ன, முகம் ஊதிக் கிடக்குது. ஒழுங்காப் போறேல்லையோ?"

பரமற்றாவில் பெரிய கணக்காளராக இருக்கும் விக்னராஜாவிடம், அவருடைய சம்பந்தி வீட்டுக்காரர் நிறைந்து நின்ற சபையில், இதைக் கேட்டாள். அவரும் தட்டில் லட்டை வைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, ரெண்டு நாளா" என்றார். பொய் சொல்ல அவருக்கு இடம் கொடுக்கப்படவில்லை.

அவளிடம் ஒரு கொள்கை இருந்தது. மனிசன் என்பது ஒரு குழாய். மேலால் போனது கீழால் வரவேண்டும். வராமல் நின்றால்தான் கோபம், வழக்கு, விவாகரத்து, காணிச் சண்டை எல்லாம். முப்பது வருஷமாக இந்த ஊரில் மூன்று நேரமும் சமைத்துக் கழுவிக் கண்டுபிடித்தது இது. "வேலைக்குப் போறேல்லையோ?" என்று யாராவது கேட்டால், "இல்லை, வீட்டில சும்மா படுத்திருக்கிறன். சோறு தானா வெந்து தானா மேசைக்கு வருது" என்பாள். கேட்டவர் பிறகு கேட்கமாட்டார்.

குழந்தைக்குப் போகவில்லை என்றால் மெல்பேர்னிலிருந்தும் போன் வரும். ஓமத்தண்ணி, முந்திரிகைவத்தல் எனும் உலர்திராட்சையை ஊறவைத்த தண்ணி, இளஞ்சூட்டுத் தண்ணியில் இருத்தி வயிற்றைத் தடவுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். பெரும்பாலும் பலிக்கும். பலித்ததும் தாய்மார் படம் அனுப்புவார்கள். அந்தப் படங்களை யோகா அழிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சிறிதரன், அவளுடைய புருஷன், தவறிப்போய்க்கூட அவளுடைய போனைத் தொடமாட்டார்.

இப்படிப் பெயர் எடுத்தவளை ஒரு பாம்பு வந்து சோதித்தது.

யோகாவின் ஒரே மகள் சுஜீவாவுக்கு வயது முப்பத்தொன்று. சுரங்கக் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். பரமற்றாவில் தனி வீடு எடுத்துப் போய்விட்டாள். "ஆரையாவது ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வா. எந்த நாட்டுக்காரர் எண்டாலும் பரவாயில்லை" என்று யோகா கன காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் ஒருநாள் கண்ணாடிப் பெட்டியோடு வந்தாள். உள்ளே ட்ரெவர். ஒரு முழக்கயிறு நீளத்தில், உடம்பெல்லாம் மண்ணிறப் புள்ளியோடு, குட்டி இன மலைப்பாம்பு. அரசாங்க உரிமம் வாங்கி வளர்ப்பது.

சிறிதரன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் சைவமோ?" என்று மட்டும் கேட்டார்.

யோகா அன்றிலிருந்து அதை மருமகன் என்றுதான் சொன்னாள்.

இந்த வருஷம் சுஜீவாவைப் புதுச் சுரங்க வேலைக்கென்று பேர்த்துக்கு மேலே எங்கோ ஒரு வனாந்தரத்துக்கு ஒன்றரை மாதம் அனுப்பினார்கள். பாம்பைப் பார்க்கக் காசு கொடுத்து ஒருவரைப் பிடிக்கப் போவதாகச் சொன்னாள். யோகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த தாய் இஞ்ச குத்துக்கல்லாட்டம் இருக்கிறன். நீ வெள்ளைக்காரனுக்குக் காசு குடுத்துப் பாம்பு பாப்பியோ?"

"அம்மா, you overfeed everybody. எங்கட fish tank-க்கு என்ன நடந்தது?"

"அது மீன்ர பிழை. போதுமெண்டா வாயை மூடியிருக்கலாம்."

சுஜீவா ஒரு விரலை மடக்கினாள். பிறகு, எண்ணி எண்ணிச் சொல்வதுபோல் சொன்னாள். "ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, ஒரு எலி. ஒண்டே ஒண்டு. பெட்டிக்குக் கீழ இருக்கிற சூட்டுத் தகட்டை நிப்பாட்டக் கூடாது. அவருக்கு ஏதும் நடந்துதெண்டா, அம்மா, இனி உங்களிட்ட ஒரு பூஞ்செடியும் நம்பி விடமாட்டன். I mean it."

யோகா சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினாள். ஆனால் அது அவளுக்குள் போய்த் தைத்தது. வேறு வீடு போனபிறகு மகள் தாயிடம் ஒன்றையும் ஒப்படைத்ததில்லை. கட்டிக் கொடுக்கும் கறியைக்கூட "டயற்" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். வருவதும் குறைந்துவிட்டது. இந்தப் பாம்புதான் முதல் பொறுப்பு. இதைக் கோட்டை விட்டால் அடுத்தது வராது.

உறைந்த எலிகள் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஃப்ரீசரில் இருந்தன. சிறிதரனுக்கு நீரிழிவு. யோகா கண்ணயர்ந்த ஒரு மத்தியானம் அந்த டப்பாவைத் திறந்தார். அதற்குப் பிறகு அவருடைய சீனி அளவு நன்றாகக் குறைந்தது.

முதல் எலியை யோகா இளஞ்சூட்டுத் தண்ணியில் உருக்கி, நீட்டு இடுக்கியால் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கொடுத்தாள். ட்ரெவர் ஒரு வெட்டு வெட்டிச் சுருட்டிப் பிடித்து, தலையிலிருந்து தொடங்கி, ஆறுதலாக, வால்நுனி வரைக்கும் விழுங்கி முடித்தான். யோகா அசையாமல் நின்று பார்த்தாள். புருஷன் அரைக் கோப்பை சோற்றோடு எழும்பிவிடுவார். மகள் இலை தழை தின்பவள். அந்த வீட்டில் ஒருவர் வைத்ததை முழுக்கச் சாப்பிட்டு எத்தனையோ வருஷம்.

"மருமகன் எண்டா இப்பிடி இருக்க வேணும்," என்றாள் சிறிதரனிடம். "உப்புக் குறைவு, புளி கூட எண்டு ஒரு கதையில்லை."

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. கந்தசஷ்டி வந்தது.

சஷ்டி ஆறு நாளும் யோகா பகலில் தண்ணியோடு இருந்து, பொழுதுபட்டபிறகு பாலும் பழமும் எடுப்பாள். அதற்கு முதல் வீட்டைக் கழுவ வேண்டும். மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டிகள் கராஜுக்குப் போகும். குசினியில் மச்சம் என்று ஒரு துண்டு மிஞ்சக்கூடாது. ஆட்டிறைச்சியை இரண்டு நாள் தொடர்ந்து கறிவைத்துச் சிறிதரனுக்குப் போட்டு முடித்தாள். மீனைப் பொரித்து முடித்தாள். ஃப்ரீசரைத் துடைக்கும்போது ஐஸ்கிரீம் டப்பா கையில் வந்தது. உள்ளே இன்னும் நாலு எலி.

விரத வீட்டில் எலி வைத்திருக்க முடியாது. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அது மகள் வாங்கிவைத்த சாமான், அதோடு சாப்பாடு. பக்கத்து வீட்டு பத்மாவின் ஃப்ரீசரில் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பத்மா திருச்சிக்காரி. வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் உரிப்பவள். அவளுடைய பட்டாணிக்குப் பக்கத்தில் எலி வைத்தால் பதினைந்து வருஷச் சிநேகம் அன்றோடு முடியும்.

ஆகவே யோகா, எந்த யாழ்ப்பாணத்துத் தாயும் செய்வதைத்தான் செய்தாள். மிஞ்சியதைச் சாப்பிடக்கூடிய ஆளைப் பார்த்துப் போட்டு முடித்தாள்.

ஒரு கிழமைக்குள் நாலும் போய்விட்டது. ட்ரெவர் ஒருதரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்தான். யோகா இடுக்கியை மெல்ல ஆட்டி, "இன்னும் கொஞ்சந்தானே, முடிச்சுப்போடுங்கோ" என்றாள். முடித்தான்.

அடுத்ததாக, பெட்டி இருந்த இடம். அது ஹோலில், சாமியறைச் சுவரோடு ஒட்டி இருந்தது. மச்சம் சாப்பிடுபவர் சாமியறைக்குப் பக்கத்தில் ஆறு நாள் படுத்திருக்கலாமா? சிறிதரனும் அவளுமாகப் பிடித்து, பெட்டியைக் கராஜில் மச்சச் சட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சூட்டுத் தகட்டின் வயரை யோகாவே செருகிச் சுவிச்சைப் போட்டாள். அதில் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

விரதம் தொடங்கியது. மருமகனுக்குப் போவது நின்றது.

முதலில் அவள் பெரிதாக எடுக்கவில்லை. காலையில் குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, கராஜுக்குப் போய்ப் பெட்டிக்குள் விரித்த கடுதாசியைப் பார்ப்பாள். துப்புரவாகக் கிடக்கும். பாம்பின் நடு உடம்பு தலையணை உறைக்குள் தேங்காய் போட்டதுபோல் வீங்கியிருந்தது. வாலடியில் இன்னொரு சின்ன வீக்கம். ஆள் அசைவதே இல்லை. நாக்கை நீட்டினாலும் கடமைக்கு நீட்டுவதுபோல் நீட்டிவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டது.

சுஜீவா அங்கிருந்து வீடியோவில் வந்தாள்.

"எப்பிடி அம்மா? Did he poop?"

யோகாவுக்கு விரதம். பொய் சொல்லக்கூடாது.

"நல்லா நித்திரை கொள்ளுறார்."

"அம்மா. Poop."

"வடிவாத்தான் இருக்கிறார். பொறு, அப்பா கூப்பிடுறார், வைக்கிறன்."

பக்கத்துக் கதிரையில் இருந்த சிறிதரன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நான் கூப்பிடேல்லையே."

"அப்ப இப்ப கூப்பிடுங்கோ."

"யோகா" என்று கூப்பிட்டார்.

"அப்பா கூப்பிடுறார் பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்தாள். முருகன் பார்த்துக்கொண்டிருந்தால் அவரும் குறை சொல்லியிருக்க முடியாது.

மகளுக்கு மறுமொழி சொன்னாயிற்று. வயிற்றுக்கு என்ன மறுமொழி? யோகா தண்ணிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஓமத்தண்ணி கலந்து வைத்தாள். ட்ரெவர் அதை முகர்ந்துவிட்டுத் தலையை மற்றப் பக்கம் வைத்துப் படுத்தான். முந்திரிகைவத்தல் ஊறவைத்த தண்ணியும் அப்படியே கிடந்தது. விளக்கெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு கனநேரம் பெட்டிக்கு முன்னால் நின்றாள். எந்தப் பக்கத்தால் என்பதில்தான் தெளிவில்லை.

அப்போது பத்மா வந்தாள், கையில் ஒரு கிண்ணம் பாலோடு.

பத்மாவின் மகன் பிரதீப்குமாருக்குக் கலியாணம் தள்ளிக்கொண்டே போகிறது. நாகதோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். பரிகாரத்துக்கு இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று இருந்தவளுக்கு, நாகம் தானாகவே பக்கத்து வீட்டுக்கு வந்து இறங்கியது. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து கும்பிடுவாள். பெட்டி சுவரோடு இருந்தபடியால் அதைச் சுற்றிவர முடியாமல், நின்ற இடத்திலேயே தன்னைத் தான் சுற்றிக்கொள்வாள். இது நாகமில்லை, மலைப்பாம்பு என்று சுஜீவா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே குடும்பம்தாம்மா" என்று பத்மா சொல்லிவிட்டாள்.

"என்ன யோகா, சாமியைக் கொண்டுவந்து காரேஜ்ல போட்டிருக்கீங்க?"

"சாமி நாலு எலி சாப்பிட்டிருக்குது. சாமியறைக்குப் பக்கத்தில வைக்கேலுமே? பாலைக் கிட்டக் கொண்டு வராதேங்கோ. போகாமல் அடைச்சுக் கிடக்குது. பால் குடுத்தா இன்னும் அடைச்சுப்போடும்."

"போகலையா? கோவிச்சுக்கிட்டார். அதான்."

"கோவிச்சால் சீறியிருப்பார். இது அடைப்பு. எனக்குத் தெரியாதே?"

"எதுக்கும் ஒரு மன்னிப்பு கேட்டுடறேன்" என்று பத்மா, இரண்டு கையாலும் பெட்டியின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றியவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். "ஏன் யோகா, எப்பவும் தொட்டா இதமா சூடா இருக்குமே. இப்ப ஐஸ் மாதிரி இருக்கு."

யோகா கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடி பச்சைத் தண்ணியாகக் குளிர்ந்து கிடந்தது. குனிந்து சுவரைப் பார்த்தாள். வயர் செருகியபடியே இருந்தது. சுவிச் மேலே, நிற்பாட்டியபடி இருந்தது.

இந்த வீட்டில் சுவிச் தானாக நிற்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு. சிறிதரன் படுக்கப் போகுமுதல் வீட்டைச் சுற்றிவந்து, கண்ணில் பட்ட சுவிச்சையெல்லாம் நிற்பாட்டுவார். சோறு வேகும்போது ரைஸ்குக்கரை நிற்பாட்டிய மனுஷன். ஸ்பிரிங் காலம் என்று பேர்தான், அந்தக் கிழமை முழுக்க இரவில் குளிர் கராஜுக்குள் வந்து குந்தியிருந்தது.

"இஞ்சாருங்கோ."

சிறிதரன் வந்தார். சுவிச்சைப் பார்த்தார். பத்மாவைப் பார்த்தார். "பாவிக்காத சுவிச் எண்டு நினைச்சன்."

"பாவிக்காததை நிப்பாட்டுறதெண்டா, முதல்ல உங்கட மூளைக்கெல்லோ சுவிச் தேடியிருக்க வேணும்."

பத்மா பாலை எடுத்துக்கொண்டு மெல்ல வீட்டுக்குப் போனாள்.

சாமியறை, மச்சம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, பெட்டியை மறுபடி ஹோலுக்குத் தூக்கினார்கள். தகடு சூடாகியது. மருமகனும் சூடானான். அடுத்தநாள் மத்தியானம் கந்தபுராணம் படித்துக்கொண்டிருந்த யோகாவின் மூக்குக்கு ஒரு மணம் வந்தது. ஒரே பாய்ச்சலில் ஹோலுக்குப் போனாள். ட்ரெவர் வாயை அகலத் திறந்து, கழுத்தை நெளித்து, நாலாவது எலியைத் திருப்பிக் கடுதாசியில் வைத்திருந்தான். செமிக்காமல், கிட்டத்தட்ட கொடுத்த மாதிரியே, ஆனால் அழுகி.

"வந்திட்டுதோ?" என்று சிறிதரன் சந்தோஷமாகக் கேட்டார்.

"வந்தது. பிழையான வழியால வந்திருக்குது."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. குழந்தை பால் கக்குவது வேறு. இது சாகப்போகும் ஆளின் வேலை மாதிரி இருந்தது. பாம்பு வாயை மூடவும் பெலனில்லாமல் கிடந்தது. முப்பது வருஷத்தில் முதல்தரமாக, ஒரு வயிற்றுக்கு என்ன செய்வதென்று யோகாவுக்குத் தெரியவில்லை. ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரைச் சிறிதரன் தேடிப்பிடித்தார். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டுக் கட்டி, யோகா மடியில் வைத்துக்கொண்டு காரில் போனாள்.

வைத்தியர் இளம் பெட்டை. கையில் பல்லி பச்சை குத்தியிருந்தாள். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இங்கிலிஷில் கேட்டாள். ஒன்று என்று சொல்வதாகத்தான் காரில் யோகா சொல்லிக்கொடுத்திருந்தாள். சிறிதரன் அதற்கு வாயைத் திறந்தார்.

"நாலு," என்றாள் யோகா. "ஒரு கிழமையில."

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினாள். "ஏன்?"

யோகா தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் விளங்கப்படுத்தினாள். சாமி வருகிறார். சாமி வருமுதல் வீட்டில் இறைச்சி முடியவேண்டும். எலியும் இறைச்சிதான். எறிந்தால் பாவம். வைத்தியர் முழுக்கக் கேட்டாள். பிறகு, பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு இல்லை, வெளிச் சூடு இல்லாவிட்டால் உள்ளே போனது செமிக்காமல் அழுகும் என்று, ஒரு குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். யோகா இடையில் ஒரு சொல் பேசவில்லை. சிறிதரன் அவளை இரண்டுதரம் திரும்பிப் பார்த்தார், சுகமில்லையோ என்று.

வைத்தியர் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். வாலடியில் ஒன்று கல்லாக இறுகிக் கிடக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணியில் ஆளை ஊறவிடுங்கள், நாளைக்கும் விடுங்கள். நாளைப் பின்னேரத்துக்குள் போகாவிட்டால் மயக்கி வைத்துத்தான் எடுக்கவேண்டும். இந்தப் பெலயீனத்தில் மயக்கினால் எழும்புவான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

நாளைக்குச் சூரன்போர். சுஜீவா அதற்கென்று லீவு போட்டு மத்தியானப் பிளேனில் வருகிறாள்.

அன்று ஊறவிட்டும் ஒன்றும் வரவில்லை. சூரன்போர் அன்று காலையில் யோகா கராஜிலிருந்து பெரிய மச்சச் சட்டியை எடுத்து வந்தாள். ஆட்டிறைச்சி ஊறவைக்கும், மூடியுள்ள பிளாஸ்டிக் சட்டி. பாத்ரூம் தரையில் வைத்துத் தண்ணி விட்டு, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். சுஜீவாவைக் குளிப்பாட்டியதும் இப்படித்தான்.

"இஞ்சாருங்கோ, நேற்று மாதிரி உறையோட சேர்த்துத் தூக்கி விடுங்கோவன்."

சிறிதரனுக்குக் காருக்குப் பெற்றோல் அடிக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. எயார்ப்போட்டுக்கு நேரத்தோடு போவது நல்லது என்றும் ஞாபகம் வந்தது. பிளேன் வர இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. போய்விட்டார்.

இவ்வளவு நாளும் யோகா பாம்பை வெறுங்கையால் தொட்டதில்லை. இடுக்கி, தடி, தலையணை உறை என்று ஏதாவது நடுவில் இருக்கும். சோட்டிச் சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, முருகா என்று சொல்லிக் கையை உள்ளே விட்டாள். வழுவழுவென்று, ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். கடையில் நல்லதாகத் தெரிந்தெடுத்த கத்தரிக்காயின் தோல் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணிக்குள் விட்டாள். ஆள் அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு விடவில்லை. சரி என்று பாத்ரூம் தரையில் சப்பாணி கொட்டி இருந்து, கையைச் சட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"முக்காதேங்கோ. ஒரு அவசரமும் இல்லை," என்றாள். "நானும் ஆறு நாளாச் சாப்பிடேல்லை. நீங்கள் சாப்பிட்டுக் கெட்டனியள். ரெண்டு பேரும் ஒருமாதிரித்தான் கிடக்கிறம்."

தண்ணி ஆற ஆறச் சுடுதண்ணி விட்டாள். பெருவிரலால் வயிற்றைக் கீழ்நோக்கி மெல்லத் தடவினாள். குழந்தைகளுக்கு வட்டமாகத் தடவவேண்டும். இவனுக்கு வட்டம் இல்லை, நேர்கோடு. இடுப்பு விட்டுப்போயிற்று. வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சூட்கேஸ் சில்லு உருண்டு வந்தது.

"அம்மா?"

சுஜீவா பாத்ரூம் வாசலில் வந்து நின்றாள். தாய் தரையில். இறைச்சிச் சட்டிக்குள் ட்ரெவர். அவளுக்கு விளங்க நேரமெடுக்கவில்லை. காரில் வரும்போது தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வழமைக்கு மாறாகக் காலநிலையைப் பற்றிக் கதைத்திருக்கிறார்.

"எத்தினை குடுத்தனீங்கள்?"

"நாலு."

"நான் போன நாளில இருந்தோ?"

"முதல்ல ஒண்டு. பிறகு ஒரே கிழமையில நாலு. சூடும் நிண்டு போச்சு. ஒண்டைக் கக்கிப்போட்டார். டொக்டர் பின்னேரத்துக்குள்ள போகோணும் எண்டவ. போகாட்டில் மயக்கோணுமாம். மயக்கினா எழும்புவாரோ தெரியாதாம்."

சுஜீவா கொமோட் மூடியின் மேல் பொத்தென்று இருந்தாள். கண் கலங்கிவிட்டது. "அம்மா, you could have killed him."

"ஓம்," என்றாள் யோகா.

சுஜீவா காத்துக்கொண்டிருந்தாள். தாயின் ஓமுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆனால் வரும். அந்த ஆனாலில் மீனுக்குப் பிழை இருக்கும், அப்பாவுக்குப் பிழை இருக்கும், கடைக்காரனுக்குப் பிழை இருக்கும். இந்தமுறை ஒன்றும் வரவில்லை. யோகா குனிந்து சுடுதண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். சுவிச்சைப் பற்றிக்கூட அவள் புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மகள் மெல்ல இறங்கித் தரையில் மற்றப் பக்கம் இருந்தாள். அவளும் கையைத் தண்ணிக்குள் விட்டாள். தாய் தடவினாள். மகள் தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

கொஞ்சநேரத்தில் ட்ரெவரின் வால் ஒருதரம் விறைத்து எழும்பியது.

"அம்மா."

"கதையாதை. கூச்சப்படுவார்."

முதலில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒன்று வந்தது. கல்லுத்தான். பின்னால் வந்ததை விவரிக்கத் தேவையில்லை. தண்ணி நிறம் மாறியது. அந்த மணம் பாத்ரூமை நிறைத்து, ஹோலைத் தாண்டி, வாசல் வரை போனது. சுஜீவா மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். யோகா முன்னுக்குக் குனிந்தாள்.

"வெள்ளை முதல்ல வந்தது. அதுதான் அடைச்சுக்கொண்டு நிண்டிருக்குது. இது எலி மயிர். இஞ்ச பார், எலும்பெல்லாம் வடிவாச் செமிச்சிருக்குது." நகைக்கடையில் நிற்பவள் மாதிரிப் பார்த்தாள். "ரெண்டு எலி தேறும். மற்றது நாளைக்கு வரும்."

சுஜீவா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டாள். "அம்மா, you're disgusting."

"ஓமடி. டொக்டருக்குப் படம் அனுப்ப வேணும். என்ர போனை எடு, இந்தக் கையால தொடேலாது."

சிறிதரன் முற்றத்தில் நின்று, "சரியான வழியாலயோ?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் பத்மா கற்பூரம் கொளுத்தினாள். மன்னிப்பை நாகராஜா ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னாள். பிரதீப்குமாருக்கு இன்னும் பெண் அமையவில்லை.

யோகா மூன்றுதரம் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனபோது நேரம் பிந்திவிட்டது. சூரன் அதற்குள் சேவலும் மயிலுமாக மாறிவிட்டிருந்தான்.

ட்ரெவருக்கு இரண்டு கிழமை ஒன்றும் கொடுக்கக் கூடாது, பிறகு சின்ன எலிக்குஞ்சிலிருந்து தொடங்கவேண்டும், ஒரு மாதத்துக்காவது பெட்டியை அசைக்காமல் வைத்துப் போவதைக் கவனிக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னாள். சுஜீவாவுக்கு இனி இரண்டு கிழமை சுரங்கத்தில், இரண்டு கிழமை இங்கே. அவள் பாம்பைக் கொண்டுபோகப் போகிறாள் என்று யோகா மனதைத் தயார்ப்படுத்தி, பெட்டியைத் துடைத்தும் வைத்துவிட்டாள்.

"அவர் இஞ்சயே இருக்கட்டும்," என்றாள் சுஜீவா. "வெளியால வாறதை நீங்கள் பாருங்கோ. உள்ள போறதை நான் பாக்கிறன்."

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"பாதி இருக்குது அம்மா."

பாதி என்பது யோகாவுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். சுவிச்சின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, தொட்டால் விரல் முறியும் என்று சிறிதரனுக்குச் சொல்லிவைத்தாள்.

இப்போது வேலையால் வரும் ஒவ்வொரு முறையும் சுஜீவா ஒரு சின்னக் குளிர்ப்பையில் ஒரே ஒரு எலியோடு வருகிறாள். கறி கட்டித் தாறன் வா என்றால் வராதவள், ஒரு எலியைக் காவிக்கொண்டு சனி பின்னேரம் வந்து நிற்கிறாள். தானே உருக்குகிறாள், தானே கொடுக்கிறாள், வால் மறையும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். தாய்க்கு இடுக்கியைத் தொட அனுமதியில்லை.

போன சனிக்கிழமையும் வந்தாள். யோகா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சின்னனா இருக்குது."

"அம்மா."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. சின்னனா இருக்குது எண்டுதான் சொன்னனான்."